தூரமும் நீதியும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டியில் வருவோர் றம்புக்கனை நிலையம் கழிந்ததும் வண்டியின் ஓசை மாறுவதைக் கேட்டிருப்பர். அதுவரை சமவெளியில் ஓடிவந்த வண்டி அங்கிருந்து மூச்சுவாங்கத் தொடங்குகின்றது. கடுகண்ணாவையை அடைவதற்குள், ஏறத்தாழ 13 மைல் தூரத்தில், அது சுமார் 1,400 அடி உயரம் ஏறியாக வேண்டும். 1867ஆம் ஆண்டில் கண்டியை எட்டிய இந்தப் பாதையை அமைத்தவர்கள் மலையை நேரே ஏற முற்படவில்லை. ஏறத்தாழ 44 அடி முன்செல்ல ஓர் அடி உயர்வது என்ற கணக்கில், மலைச்சரிவைச் சுற்றியும் குடைந்தும் பாதையை இழுத்துச் சென்றனர். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில், பாரம் மிகுந்த வண்டியின் பின்னால் மற்றுமோர் எஞ்சினைப் பூட்டி உந்தி ஏற்றுவதும் இங்கு வழக்கமாயிருந்தது.

கடுகண்ணாவையில் வாழ்ந்து இப்பகுதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்து வரும் நாம், இந்தப் பாதையை நாள்தோறும் காண்கின்றோம். காணும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகின்றது. பாதை அமைத்தவர்கள் எந்த எஞ்சினை மனத்திற் கொண்டு கணக்கிட்டனர்? உலகிலேயே வலிமை மிக்க எஞ்சினையா? அல்ல, பாரத்தோடு வரும் சாதாரண எஞ்சினையே அவர்கள் எண்ணிப் பார்த்தனர். அதன் ஆற்றலே இம்மலையின் ஒவ்வொரு வளைவையும் தீர்மானித்தது.

இதே மலைக்கு இதற்கு நேர்மாறான சரித்திரமும் உண்டு. 1815ஆம் ஆண்டில் கண்டி அரசு வீழும் வரை, இங்குள்ள பலனைக் கணவாய் அவ்வரசின் வாயிற்கதவாக விளங்கிற்று. படை நடத்திவந்த போர்த்துக்கேயர் இங்கே பெரிதும் இடர்ப்பட்டனர். கண்டி மன்னர்களுக்கு வழி கடினமாயிருப்பதே காவல். வேண்டாதவர் உள்ளே வராதிருக்கும்பொருட்டு வழியின் கடுமை பேணப்பட்டது.

ஆகவே, ஒரு வழியை அமைப்பவர் மண்ணையும் கல்லையும் மட்டும் அமைக்கவில்லை. எவர் போய்ச் சேருவார், எவர் நடுவழியில் நின்றுவிடுவார் என்பதையும் சேர்த்தே அமைக்கின்றார். எல்லாருக்கும் ஒரே வழி, ஒரே அளவு என்று வைத்துவிட்டால் நீதி நிறைவேறிவிட்டதாகுமா? வலிமை குன்றியவரை எண்ணி வழியை அமைப்பது நீதியா, இரக்கமா? இக்கேள்வியை இம்முறை நம் வாசகர்கள் சற்றும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து ஆராய விரும்புகின்றோம். அந்த இடம் கோல்ப் மைதானம்.

செல்வர் விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று நண்பர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். அந்த நியாயமான வினாவுக்குப் பின்னர் வருவோம். முதலில் நாம் அங்கு போய்ச்சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகின்றோம்.

கண்டியைக் கடந்து மஹியங்கனை வீதியில் சென்றால் திகனை. அதன் அருகே ராஜவெல்லையில், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில், டொனால்ட் ஸ்டீல் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர் அமைத்த 18 குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஒன்றிருக்கின்றது. 1990களின் இறுதியில் அது திறக்கப்பட்டது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றுப்புற ஊர்களும் நீரில் மூழ்கின என்பதையும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன என்பதையும் அந்த நீர்ப்பரப்பைப் பார்க்கும்போது நாம் மறந்துவிடுவதற்கில்லை. நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் அம்மைதானத்தில் ஆட்டக்காரரின் மட்டைப்பை சுமக்கும் தொழில் பார்த்தார். அவருடைய அழைப்பின்பேரில் ஒருநாள் பிற்பகல் அங்கே சென்றோம்.

ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வார்த்தை. சிறியதொரு பந்தை ஒரு மேடையிலிருந்து மட்டையால் அடித்துத் தொலைவிலுள்ள சிறு குழியில் விழச்செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவர். இடையில் மணற்குழிகள், நீர்நிலைகள், பள்ளங்கள், புதர்கள் இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்றொரு கணக்குண்டு. அதனைப் ‘பார்’ என்பர். குழி ஒன்றே. ஆனால் அதனை நோக்கி முதல் அடியைத் தொடங்கும் மேடைகள் பல. ஒன்று மிகப் பின்னால், ஒன்று நடுவில், ஒன்று முன்னால் என்று வெவ்வேறு நிறக் குறிகளோடு அவை இருக்கும்.

அன்று நாம் கண்ட ஆட்டக்காரர் எழுபது வயதை நெருங்கிய ஒருவர். பின்னாலுள்ள மேடையில் நின்று, மிக அழகாக, மிக நேராகப் பந்தை அடித்தார். பந்து போய் முன்னாலிருந்த பள்ளத்தில் விழுந்தது. மற்றொரு பந்தை வைத்து அடித்தார். அதுவும் அவ்வாறே நேராகச் சென்று அதே பள்ளத்தில் விழுந்தது. நம் மாணவர் நமது காதருகே மெல்லச் சொன்னார்: “சேர், இவரு எவ்வளவு நல்லா அடிச்சாலும் அந்தப் பள்ளத்தத் தாண்டாது. முன்னுக்கு இருக்கிற எடத்தில இருந்து அடிச்சா லேசாப் போயிரும். சொன்னாக் கோவிப்பாரு. அது பொம்பளைங்க எடம்னு சொல்லுவாரு.”

இந்த எளிய சொற்களில் மூன்று கேள்விகள் அடங்கியிருப்பதை வீடு திரும்பும் வழியில் உணர்ந்தோம். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கடக்க முடியாத ஒன்றைச் சோதனை என்று அழைக்கலாமா? கடப்பதற்கான வழியிருந்தும் மனிதன் அதனை ஏன் அவமானமாகக் கருதுகின்றான்? பெண்களுக்குரிய இடம் என்பது எப்படி ஓர் இழிசொல்லாயிற்று?

முதற் கேள்வியைக் கணக்கால் அணுகுவோம். இன்று உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் முதல் அடியில் பந்தைச் சராசரியாக 300 கஜம் அளவுக்குச் செலுத்துகின்றனர். பொழுதுபோக்காக ஆடும் ஆண்களின் சராசரி சுமார் 215 கஜம். பெண்களின் சராசரி சுமார் 150 கஜம். 450 கஜத் தொலைவில் ஒரு குழி இருப்பதாகக் கொள்வோம். 300 கஜம் அடிப்பவர் முதல் அடியிலேயே மூன்றில் இரண்டு பங்கைக் கடந்துவிடுவார். மீதியை ஒரு சிறிய மட்டையால் எளிதிற் கடப்பார். 150 கஜம் அடிப்பவருக்கு அதே நிலை வாய்க்க வேண்டுமானால் குழி 225 கஜத்தில் இருக்க வேண்டும். 450 கஜக் குழியை நோக்கி அவர் மூன்று முறை, தம் முழு வலிமையையும் திரட்டி, ஒன்றிலும் பிழையின்றி அடித்தாலும் எல்லையைத் தொடுவதே அரிது. ஒருவருக்குச் சிந்தனைக்கும் நுட்பத்துக்கும் இடமளிக்கும் ஆட்டம் மற்றவருக்கு வெறும் உழைப்பாகிவிடுகின்றது. அளவு நாடாவோ இருவர்க்கும் ஒன்றே!

தூரம் மட்டுமாயிருந்தால் கூடுதலாக இரண்டடி அடித்துப் போய்ச்சேரலாம். மேடைக்கு முன்னால் 170 கஜ அகலத்தில் நீரோ பள்ளமோ குறுக்கிட்டுக் கிடந்தால், சுற்றிச் செல்ல வழியும் இல்லாதிருந்தால், 150 கஜக்காரருக்கு ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகின்றது. அவர் பத்து ஆண்டுகள் பயின்றவராயிருக்கலாம். காற்றின் திசையறிந்து அடிப்பவராயிருக்கலாம். அவற்றுள் எதுவும் அங்கே பயன்படாது. சோதனைக்கும் தடைக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் வெளிப்படுகின்றது. பயிற்சியாலும் பொறுமையாலும் மதியாலும் வெல்லத்தக்கது எதுவோ அது சோதனை. இவற்றுள் எதனாலும் வெல்லவொண்ணாமல், உடலையோ பிறப்பையோ பார்த்து ஆளைத் தள்ளுவது எதுவோ அது தடை. தடையை நாட்டிவிட்டு அதற்குச் சோதனை என்று பெயரிடுவது பழைய தந்திரம். பலனைக் கணவாயின் காவலர்களேனும் அதனைக் காவல் என்றே வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இந்தத் தடை மனிதர் கையாற் செய்யப்பட்டதே என்பதற்குக் கோல்ப் விளையாட்டின் சரித்திரமே சான்று. 1890ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலக் கோல்ப் நூலில் வெல்வுட் பிரபு என்பவர், பெண்கள் 70 அல்லது 80 கஜத்துக்கு மேல் பந்தை அடிக்காதிருப்பதே நன்று என்று எழுதினார். அவர்களுக்கு ஆற்றல் இல்லை என்பது அவருடைய வாதமன்று. அதற்கு மேல் அடிப்பதானால் மட்டையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டும். அக்கால மகளிர் ஆடையில் அது அழகாயிராது என்பதே காரணம்! முதலில் தோளுக்கு மேல் கையை உயர்த்தாதே என்றனர். பிறகு, உன்னால் தூரம் அடிக்க முடியவில்லையே என்றனர். பலவீனத்தை விதித்துவிட்டு, அதையே இயற்கை என்று காட்டும் இந்த வித்தையை நம் சமூகத்திலும் நாம் கண்டதில்லையா? பெண்ணுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் இதே வித்தை காட்டப்பட்டது. கோல்ப் விதிகளின் தாயகமெனப்படும் சென் அன்ட்ரூஸ் நகரின் பழைய கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்க வாக்களித்தது 2014ஆம் ஆண்டிலேதான். முன்மேடையைக் கண்டு அந்த முதியவர் நாணியதன் வேர் இங்கே இருக்கின்றது. இரண்டு மேடைகளுக்கிடையே மண்ணின் தூரம் ஐம்பது அறுபது அடியாக இருக்கலாம். இடையே கிடப்பதோ நூற்றாண்டுகளின் ஏளனம். பெண்ணை இழிவாக நினைத்த சமுதாயம் இறுதியில் முதிய ஆணையும் பள்ளத்தில் தள்ளுகின்றது.

வேறு வழி உண்டா? உண்டு என்று காட்டிய வடிவமைப்பாளர்களும் இருந்திருக்கின்றனர். அலிஸ்டர் மக்கென்சி என்பவர் தொழிலால் வைத்தியர்; போவர் யுத்தத்தில் அறுவை வைத்தியராகப் பணியாற்றி, நிலத்தோடு நிலமாக மறைந்து நிற்கும் கலையை அங்கே கவனித்தவர். பின்னர் மைதானங்கள் அமைக்கத் தலைப்பட்டார். 1920இல் அவர் எழுதிய நூலில், நல்ல மைதானத்தின் இலக்கணங்களுள் ஒன்றாக, வலிமை குன்றியவருக்கும் செல்லத்தக்க மாற்றுவழி ஒவ்வொரு குழிக்கும் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தினார். ஓரடி கூடுதலாகச் செலவழித்தால் அவரும் போய்ச்சேர வேண்டும் என்பது அவர் கருத்து. சென் அன்ட்ரூஸ் நகரின் பழைய மைதானம் அதற்கு முன்மாதிரி. அங்கே புல்வெளி அகன்று கிடக்கின்றது. துணிந்தவர் மணற்குழியை உரசிக்கொண்டு குறுக்கே அடிக்கலாம். பிழைத்தால் தண்டனை, வென்றால் ஆதாயம். மற்றவர் ஒதுங்கிச் சுற்றிச் செல்லலாம். கடுகண்ணாவைப் புகைவண்டிப் பாதை மலையைச் சுற்றுவது போன்றதே அதுவும்.

ஆலிஸ் டை என்னும் அமெரிக்க அம்மையாரின் பங்கு இன்னும் குறிப்பிடத்தக்கது. 1927இல் பிறந்து 2019இல் மறைந்த அவர், தாமே சிறந்த ஆட்டக்காரர். பெண்கள் யாவரும் ஒரே மேடையிலிருந்து அடிக்கட்டும் என்று விட்டுவிடுவது போதாது. அவர்களுக்குள்ளும் தூரம் அடிப்பவரும் அடிக்காதவரும் உண்டு. ஆகவே அவர்களுக்கென இரண்டு மேடைகளேனும் வேண்டும் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார். அமெரிக்க மைதான வடிவமைப்பாளர் சங்கத்தில் இடம்பெற்ற முதற் பெண் அவரே; 1997இல் அதன் முதற் பெண் தலைவருமானார். அவருடைய வாதத்தின் உட்பொருளை நாம் கவனிக்க வேண்டும். ‘பெண்’ என்ற ஒரு சொல்லால் ஒரு கூட்டத்தைக் கட்டி ஒரு மூலையில் நிறுத்திவிட்டால், அது சலுகை போலத் தோன்றும் மற்றோர் அநீதியே. மேடை அடிப்பவரின் ஆற்றலுக்குரியது, பாலுக்குரியதன்று. இன்று பல மைதானங்களில் மேடைகளை நிறத்தாலோ எண்ணாலோ மட்டும் குறிப்பிடுகின்றனர். பெயரை மாற்றியதனால் அவமானத்தின் ஒரு பகுதியேனும் கழிகின்றது.

குறைந்த தூரம் அடிப்பவரை எண்ணி மைதானம் அமைப்பது மேடையை முன்னே நகர்த்துவதோடு முடிந்துவிடுவதில்லை. குழியைச் சூழ்ந்த புற்றரையின் முன்பக்கத்தை ஓரளவேனும் திறந்துவிட வேண்டும். அவருடைய பந்து உயரே பறந்து வந்து நிற்காது, தரையோடு உருண்டே வரும். முன்பக்கம் முழுவதும் மணற்குழி வெட்டிவிட்டால் உயர அடிப்பவருக்கு அது கண்ணிற்படுவதே இல்லை. உருட்டுபவருக்கோ அது கோட்டை மதில். நீரைக் குறுக்கே கிடத்தாமல் பக்கவாட்டிற் கிடத்தலாம். தரையின் சரிவைப் பந்தின் ஓட்டத்துக்குத் துணையாக்கலாம். இவற்றுள் எதுவும் குழியைப் பெரிதாக்குவதில்லை. இறுதியில் எல்லாரும் ஒரே புற்றரையில், ஒரே சிறு குழியின் முன் நிற்கின்றனர். அந்த இடத்தில் தோள்வலிமைக்கு வேலையில்லை. கண்ணும் கையும் மனமும் மட்டுமே பேசுகின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். இந்த ஆட்டத்தில் ஏற்கெனவே ‘ஹாண்டிகேப்’ என்றொரு முறையுண்டே. திறமை குறைந்தவரின் மொத்த அடிகளிலிருந்து ஒரு தொகையைக் கழித்துக் கணக்கை ஈடுசெய்கின்றார்களே. அதற்கு மேல் என்ன நீதி வேண்டும்? நமது கட்டுரையின் உயிர்நாடி இந்த வினாவிலேதான் இருக்கின்றது. ஹாண்டிகேப் என்பது பயணம் முடிந்த பின் தரப்படும் சலுகை. நாள் முழுவதும் பள்ளத்தில் விழுந்தெழுந்து, ஆட்டத்தின் இன்பத்தில் ஒரு துளியும் அறியாமல் வந்தவரைப் பார்த்து, ‘கவலைப்படாதே, கணக்கிற் கழித்துவிடுகின்றோம்’ என்று சொல்வது அது. கணக்கு நேராகலாம், இழந்த பிற்பகல் திரும்புவதில்லை. வழியைத் திருத்தி அமைப்பதோ அவருக்கு ஆட்டத்தையே தருகின்றது. துணிவதா ஒதுங்குவதா என்று சிந்திக்கும் உரிமையைத் தருகின்றது. வென்றால் அது அவருடைய வெற்றி. தோற்றால் அது அவருடைய தோல்வி. முன்னதில் மனிதன் இரவலன். பின்னதில் அவன் ஆட்டக்காரன். வலிமை குன்றியவருக்கு நாம் கடன்பட்டிருப்பது இறுதியில் இடும் ஈவன்று, தொடக்கத்திலேயே அமைத்துத் தரும் வழி என்பதே நமது முடிபு.

இப்படி எல்லாருக்கும் வழியமைத்தால் ஆற்றலுக்கு மதிப்பேது, உன்னதம் தாழ்ந்துவிடாதா என்று கேட்போரும் உளர். அவர்களை நம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அழைக்கின்றோம். உலகப் போட்டிகளில் ஆண்கள் எறியும் குண்டு 7.26 கிலோ, பெண்கள் எறிவது 4 கிலோ. எறியும் வட்டம் ஒன்றே, விதிகளும் ஒன்றே. பெண்களின் சாதனையை இரக்கத்தால் வந்ததென்று அறிவுடையோர் எவரும் சொல்வதில்லை. பின்மேடை எங்கும் போய்விடவில்லை. வலிமையுள்ளவர் அங்கிருந்து தம் ஆற்றல் முழுவதையும் காட்டட்டும். மணற்குழியை உரசிச் செல்லும் துணிகரமான வழியும் அவருக்குத் திறந்தே கிடக்கின்றது. உன்னதத்துக்குத் தேவை கடினமான வழி ஒன்று; பிறர்க்கெல்லாம் அடைபட்ட வழி அதற்குத் தேவையில்லை.

இனி நண்பர்களின் முதல் வினாவுக்கு வருவோம். கோல்ப் செல்வர் விளையாட்டே. நுவரெலியாவின் கோல்ப் கழகம் 1889இல் தோன்றியது; ஆங்கிலேய துரைமார் மலையைத் தமதாக்கிக்கொண்ட காலம் அது. ஒரு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் பெருமளவு நீரும் வேண்டும். காணியில்லாத மக்கள் வரிசை வரிசையாக லயங்களில் வாழும் நாட்டில் இது கண்ணை உறுத்தாமல் இருக்க முடியுமா? ஆயின், நிலத்தை விழுங்குவது எது என்பதையும் பார்க்க வேண்டும். பந்தும் மட்டையும் ஆற்றல் பெறப்பெற, மைதானங்களும் நீண்டுகொண்டே வந்தன. ஒரு சிலர் 300 கஜம் அடிப்பதற்காக எல்லாருடைய நிலமும் நீரும் செலவாகின்றன. இந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்த, விதிகளை வகுக்கும் இரு சபைகளும் 2023 டிசம்பரில் பந்துக்குப் புதிய சோதனை விதியொன்றை அறிவித்ததும் இதனாலேயே. குறைந்த தூரம் அடிப்பவரை அளவுகோலாகக் கொண்டால் மைதானமும் சிறுக்கும், செலவும் சுருங்கும். வலியவரின் தேவையை எல்லாருக்குமான அளவாக்குவது எப்போதும் வீண்செலவே.

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மக்கென்சி பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து அமைத்த அகஸ்டா மைதானம் 1933இல் திறக்கப்பட்டது. சாதாரண ஆட்டக்காரரும் மகிழ்ந்து ஆடவேண்டும் என்ற எண்ணத்தோடு, மிகச்சில மணற்குழிகளே அங்கே வெட்டப்பட்டன. மண்ணில் அத்துணை பரிவு! கழகத்தின் கதவிலோ? கறுப்பின உறுப்பினர் ஒருவர் முதன்முதலாக ஏற்கப்பட்டது 1990இல். பெண்கள் ஏற்கப்பட்டது 2012இல். உள்ளே வந்தவரின் பலவீனத்துக்கு இரங்கி, வெளியே நிற்பவரின் உரிமையை மறந்தது அது. மைதானத்தை மட்டும் திருத்துவது போதாது, வாயிலையும் திருத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாயில் சற்றே திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு இந்தியாவில் இருவர் உதாரணம். 1991இல் இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேரும், 2009இல் அதே போட்டியை வென்ற பெங்களூரின் சின்னசுவாமி முனியப்பாவும் பிறருடைய மட்டைப்பையைச் சுமந்து இந்த ஆட்டத்தைக் கற்றவர்களே. சுமந்தவர் கையில் மட்டை கிடைத்தபோது துரைமார் ஆட்டம் அவர்களுக்குக் கைவராமல் போகவில்லை.

இனி மைதானத்தை விட்டு நம் மலைச்சரிவுகளுக்குத் திரும்புவோம். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று ஒரு நிறை விதிக்கப்படுகின்றது. அதை எட்டாதவளுக்கு ‘அரைப்பேர்’. இருபது வயது இளம்பெண்ணுக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தாய்க்கும் அதே நிறை. தளிர் பொங்கும் மலையில் நின்றவளுக்கும், முதிர்ந்த செடிகளுக்கிடையே அட்டைக்கடியோடு நின்றவளுக்கும் தராசு ஒன்றே. இதனைச் சமத்துவம் என்று துரை சொல்லலாம். சமமற்ற மனிதர்மேல் சமமான ஓர் அளவை விதிப்பது சமமின்மைக்கே உரிமை வழங்குவதாகும் என்பதைக் கார்ல் மார்க்ஸ் 1875ஆம் ஆண்டில் கோத்தா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோதே விளக்கினார். கோல்ப் மைதானத்துப் பின்மேடையில் நிற்கும் முதியவருக்கு முன்மேடை என்ற தெரிவேனும் உண்டு. கூடையைச் சுமந்து நிற்கும் தாய்க்கு அதுவும் இல்லை.

ஆசிரியராகிய நமக்கு இந்த வினா இன்னும் அண்மையிலிருந்து எழுகின்றது. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் ‘தரப்படுத்தல்’ புகுத்தப்பட்டது. பரீட்சை எழுதிய மொழியை வைத்து மதிப்பெண்கள் திருத்தப்பட்டன. அது தமிழ் மாணவர் நெஞ்சில் ஏற்படுத்திய காயத்தின் விளைவுகளை இந்நாடு பின்னர் குருதியில் அனுபவித்தது. மேடையை நகர்த்துவது நீதியென்றால் இதுவும் நீதிதானே என்று ஒருவர் நம்மை மடக்கலாம். ஆலிஸ் டை அம்மையாரின் வாதமே இதற்கு விடை. மேடை ஆற்றலையும் தேவையையும் பார்த்து அமைய வேண்டும். ஒரு கூட்டத்தின் பெயரைப் பார்த்து அமைந்தால் அது அதிகாரத்தின் கருவியாகிவிடும்.

1974இல் வந்த மாவட்டக் கோட்டா இடத்தின் பின்தங்கிய நிலையைக் கணக்கில் எடுத்தது; அவ்வளவில் அது மேலானது. இன்றைய முறையில் பல துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம், கண்டி அவ்வாறன்று. எனவே கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டைப் பக்கத்து லயத்திலிருந்து வரும் பிள்ளை, கண்டி நகரத்தின் பெருங்கல்லூரி மாணவனோடு ஒரே மேடையில் நின்று பந்தை அடிக்க வேண்டியிருக்கின்றது. விஞ்ஞானக் கூடமும் கணித ஆசிரியரும் வாய்த்தவனுக்கு அது சோதனை. அவை எட்டாத பிள்ளைக்கு அது பள்ளம்.

கோட்டா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வழி செம்மையாகும் வரை அது இருந்தே ஆகவேண்டும். ஆனால் அது ஹாண்டிகேப் போன்றது. பயணத்தின் இறுதியிற் கழிக்கப்படும் கணக்கு. அதைத் தந்துவிட்டோம் என்பதால் தோட்டப் பாடசாலைக்கு ஆய்வுகூடம் கட்டாமல், ஆசிரியரை அனுப்பாமல், மழைக்காலத்தில் பிள்ளை கடந்துவரும் ஒற்றையடிப் பாதையைச் செப்பனிடாமல் இருந்துவிடுவதே பெரும் மோசடி. நம் வகுப்பறையிலும் இதையே செய்கின்றோம். முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, பின்வரிசைப் பிள்ளைக்கு ஆண்டிறுதியில் இரக்கப்பட்டு ஐந்து புள்ளி சேர்த்துப் போடுகின்றோம். ஐந்து புள்ளி அவனைத் தேர்ச்சி பெற்றவனாக்கலாம், கற்றவனாக்குமா? பாடத்தை அவனும் நடந்துவரத்தக்கதாக அமைத்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள நாணுகின்றோம். அந்த நாணம் முன்மேடையைக் கண்டு முதியவர் கொண்ட நாணத்தினும் இழிந்தது.

வள்ளுவர் நடுவுநிலைமையைச் சொல்ல வந்தபோது துலாக்கோலை உவமையாக்கினார். பொருளைத் தூக்குமுன் அக்கோல் தானே சமனாக நிற்க வேண்டும். மனிதரை அளக்கப் புகுவோர் தமது கோல் சமனாக நிற்கின்றதா என்று முதலிற் பார்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மீண்டும் கடுகண்ணாவைக்கு வருவோம். இவ்வூரின் புகைவண்டி நூதனசாலையில் பழைய எஞ்சின்கள் ஓய்வெடுக்கின்றன. அவற்றுக்காக மலையையே வளைத்தவர்கள் யாருக்காக வளைத்தனர்? கோப்பி மூட்டைகள் சேதமின்றிக் கொழும்பு துறைமுகம் சேருவதற்காக. அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மூதாதையர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மலையேறினர். வழியில் மாண்டவர் எண்ணற்றோர். எஞ்சினின் மூச்சிரைப்பு கேட்ட காதுகளுக்கு மனிதரின் மூச்சிரைப்பு கேட்கவில்லை. ஆகவே, வலிமை குன்றியதை எண்ணி வழியமைக்கும் அறிவு உலகில் இல்லாமற் போனதில்லை. ஆதாயம் உள்ள இடத்தில் அது மிக நன்றாகவே வேலை செய்திருக்கின்றது. இல்லாதிருப்பது மனம். அந்த மனத்தை உண்டாக்கும் பொறுப்பு பள்ளிக்கூடத்தில் நிற்கும் நமக்கும், பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறப்போகும் நம் மாணவருக்கும் உரியது. அடுத்த முறை றம்புக்கனையில் வண்டியின் ஓசை மாறும்போது, இந்த ஏற்றம் இன்னும் யார் யாருக்காகத் தணிக்கப்பட வேண்டியிருக்கின்றது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.